சுங்க மோசடியைக் கண்டவர் யாரிடம், எப்படிச் சொல்வது?

மஸ்கெலியாவிலிருந்து வந்து வத்தளைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸில் வேலை செய்கிற தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. வெளிநாட்டில் தைத்து முடித்த டீ-சேர்ட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. கழுத்தில் இருக்கும் 'மேட் இன் சைனா' லேபலை வெட்டி எடுத்துவிட்டு 'மேட் இன் ஸ்ரீலங்கா' லேபலைத் தைக்கச் சொல்கிறார்கள். பிறகு புதுப் பெட்டியில் அடுக்கி அமெரிக்காவுக்கு ஏற்றுகிறார்கள். இதை யாரிடம் சொல்வது? பெயரைக் கொடுக்க வேண்டுமா? அமெரிக்கச் சுங்கத்தின் இணையப் படிவத்தின் அடியில் ஒரு இலக்கமும் நிமிடக் கணக்கும் சின்ன எழுத்தில் இருக்கிறதே, நிரப்பினால் ஏதும் சிக்கலில் மாட்டுவோமா?

நான் நோர்வூட் பக்கத்தான். இருபது வருடத்துக்கு மேல் கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக, அதாவது சாமான்களைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுப்பவனாக வேலை செய்தவன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு முதலில் நேரடியாகப் பதில்: சொல்லலாம். இலங்கைச் சுங்கத்திடமும் சொல்லலாம், அமெரிக்கச் சுங்கத்திடமும் சொல்லலாம். பெயர் கட்டாயமில்லை. அடியில் இருக்கும் அந்த இலக்கத்துக்குப் பயப்பட வேண்டாம், அது உங்கள் பக்கம் நிற்கிற இலக்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து துணி வருவது குற்றமே இல்லை. நம் நாட்டு ஆடைத் தொழிலுக்குத் துணியில் பெரும் பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க விதிப்படி, தைத்து உருவாக்கும் பெரும்பாலான ஆடைகளுக்கு, வெட்டிய துண்டுகளை முழுதாகப் பொருத்தித் தைத்த நாடுதான் பிறப்பிட நாடு. ஆகவே சீனத் துணியை இங்கே வெட்டி இங்கே தைத்து 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்று போட்டால் அது சரியான லேபல். நீங்கள் பார்த்தது வேறு. உடுப்பு ஏற்கனவே உடுப்பாகத்தான் வந்தது. இங்கே நடந்தது லேபல் மாற்றம் மட்டும். வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் அது உருவான நாட்டின் பெயர் தெளிவாகவும் அழியாமலும் அதில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1930 ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 304 ஆம் பிரிவு சொல்கிறது. பொய்ப் பெயர் போட்டு அனுப்புவது அதற்கு நேர் எதிர்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2018 முதல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு மேலதிகத் தீர்வை போட்டுக்கொண்டே வருகிறது. அதிலிருந்து தப்ப மூன்றாவது நாடு ஒன்றின் பெயரைக் கடன் வாங்குகிறார்கள். 2025 ஏப்ரலில் இலங்கைக்கே 44 வீதம் என்று அறிவித்து, பிறகு ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கினார்கள். அந்த ஜூலை இறுதியில் வந்த உத்தரவில், தீர்வையைத் தவிர்க்க வேறு நாட்டு வழியாகச் சுற்றி அனுப்பிய பொருளென்று சுங்கம் கண்டால் 40 வீதம் என்று தனியாகவே எழுதியிருந்தார்கள். இந்த வீதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஹட்டனிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் அக்கரபத்தனையிலிருந்தும் போய் கட்டுநாயக்காவில் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் உண்மையாகத் தைக்கிற சட்டைக்கும் இந்தக் கள்ள லேபல் சட்டைக்கும் பெட்டியில் ஒரே நாட்டுப் பெயர். நாட்டின் பெயர் கெட்டால் ஓடர் குறைவது நேர்மையாகத் தைத்த இடத்திலும்தான். நீங்கள் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்லை தங்கச்சி.

சரி, எங்கே சொல்வது?

கன்டேனர் இன்னும் கொழும்பை விட்டுப் போகவில்லை என்றால் இலங்கைச் சுங்கத் திணைக்களம்தான் முதல் இடம். அதன் கையில் இருப்பது 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். நம் மலையில் கோப்பிக்கு இலைநோய் கண்ட அதே வருடத்துச் சட்டம். எத்தனையோ முறை திருத்தியிருந்தாலும் இன்றும் அதுதான். பொய்யான வெளிப்படுத்தல், அதாவது நாங்கள் கஸ்டெக் என்று சொல்கிற பிரகடனப் பத்திரத்தில் பொய், அதற்குப் பொருளையே பறிமுதல் செய்யலாம், தண்டமும் விதிக்கலாம். துறைமுகத்தில் நிற்கும் பெட்டியை நிறுத்தித் திறந்து பார்க்க அவர்களால் மட்டுமே முடியும். வாஷிங்டனில் இருக்கிறவரால் முடியாது. தகவல் தந்தவருக்கு, கிடைத்த தொகையிலிருந்து வெகுமதி கொடுக்கும் ஏற்பாடும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பெட்டி கப்பலேறிவிட்டது, அல்லது இது மாதக்கணக்காக நடக்கிறது என்றால் அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமைக்கு எழுதலாம். 2008 இலிருந்து இதற்கென்றே இணையத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கிருந்தும், யாரும் நிரப்பலாம். பிறப்பிட நாட்டைப் பொய்யாகப் போடுவது, விலையைக் குறைத்துக் காட்டுவது, பொருளின் வகையை மாற்றிச் சொல்வது, போலிப் பிராண்ட், கட்டாய உழைப்பில் செய்த பொருள் என்று எதைப் பற்றியும் எழுதலாம். பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வையை, அதாவது வெளிநாட்டுப் பொருளை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கப் போடும் தீர்வையை, ஏய்ப்பவர்கள்மேல் முறைப்பாடு கொடுக்க 2016 இல் கையொப்பமான ஒரு சட்டத்தில் தனி வழி இருக்கிறது. ஆனால் அது அங்குள்ள உற்பத்தியாளர், இறக்குமதியாளர் போன்ற அக்கறையுள்ள தரப்பினருக்கானது. அந்தப் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம், பொதுப் படிவமே போதும்.

இரண்டு இடத்துக்கும் எழுதலாமா என்றால், எழுதலாம், எழுதுவது நல்லது. ஒரே விபரத்தை ஒரே மாதிரி எழுதுங்கள்.

இப்போது அந்தச் சின்ன எழுத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1980 இல் காகித வேலையைக் குறைக்கும் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1995 இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதன்படி மத்திய அரசாங்கத்தின் எந்த அலுவலகமும் பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே தகவலைக் கேட்க வேண்டுமானால், நினைத்த உடனே படிவம் அச்சடிக்க முடியாது. இந்தத் தகவல் எதற்கு, எத்தனை பேர் நிரப்புவார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும், எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கணக்கு எழுத வேண்டும். அதை நம் வர்த்தமானி மாதிரியான அவர்களுடைய அரச பதிவேட்டில் போட்டு 60 நாள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பிறகு வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்துக்கு அனுப்பி, இன்னொரு 30 நாள் கருத்துக்குத் திறந்துவைக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் ஒரு இலக்கம் கொடுப்பார்கள், கூடினால் மூன்று வருடத்துக்கு. அது முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. செல்லுபடியான இலக்கம் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. நீங்கள் பார்த்த இலக்கம் அதுதான். நிமிடக் கணக்கு, இதை நிரப்ப உங்களுக்குக் கால் மணித்தியாலம் போகும் என்று அவர்களே ஒத்துக்கொண்ட கணக்கு.

இதை முதன்முதலில் ஒரு படிவத்தின் அடியில் வாசித்தபோது நான் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவை நினைத்தேன். அம்மா கொழுந்து எடுத்தவர். சேமலாப நிதியை எடுக்கப் போனபோது தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். தோட்டத்துக் கடிதம் கேட்டார்கள், கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள், சத்தியக் கடதாசி கேட்டார்கள், அது வந்ததும் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி கேட்டார்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டிருக்கலாம். ஏழு தடவை டவுனுக்குப் போய் வந்தார். தோட்டத்தில் ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்போம், அரை நாளென்றால் அரைப் பேர். ஏழு பேர் போனது, பஸ் காசு தனி. அந்த ஏழு பேரை எந்த அலுவலகமும் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. 1948 இல் குடியுரிமை பறிபோன நாளிலிருந்து, 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்து எஞ்சியவர்களுக்கும் அது கிடைக்கும் வரைக்கும், நம் ஆட்களின் வாழ்க்கையே கடதாசிக்குப் பின்னால் அலைந்த வாழ்க்கை. ஒரு படிவம் மக்களின் எத்தனை மணித்தியாலத்தைத் தின்கிறது என்று கணக்கு எழுதும் கடமை நம் நாட்டு அலுவலகங்களுக்கும் வர வேண்டும். அதை நான் மனதாரக் கேட்கிறேன். ஆகவே அந்தச் சின்ன எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள்.

எதை எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். சில வருடத்துக்கு முன் ஒரு தம்பி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 'இவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார்கள், எல்லோரும் உடந்தை' என்று தொடங்கி அப்படியே முடிந்திருந்தது. கோபம் நியாயமானது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரியால் எந்தப் பெட்டியைத் திறக்க முடியும்? உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். என்றைக்கு லொறி வந்தது? 'போயாவுக்கு முதல் நாள், சம்பளம் போட்ட அன்று.' எத்தனை மணி? 'இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.' பெட்டியில் என்ன எழுதியிருந்தது? கண்ணை மூடி யோசித்து ஒரு இலக்கத்தின் பாதியைச் சொன்னார். அந்த மூன்று வரிகளும் அவர் எழுதிய மூன்று பக்கத்தைவிடக் கனமானவை. அவற்றை மேலே போட்டு மற்றதை வெட்டினோம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கன்டேனரின் கதவில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். நான்காவது எழுத்து அநேகமாக 'யு' ஆக இருக்கும். அந்தப் பதினொன்றும் சேர்ந்தால் உலகத்தில் அந்த ஒரு பெட்டிதான். கடைசி இலக்கம் மற்றவை சரிதானா என்று பார்க்கிற சோதனை இலக்கம், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். பூட்டில் இருக்கும் சீல் இலக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. அட்டைப் பெட்டியின் பக்கத்தில் ஓடர் இலக்கம், ஸ்டைல் இலக்கம் அச்சடித்திருப்பார்கள். இன்னொன்று, உங்களைப் போல லேபல் தைக்கிறவருக்கு மட்டும் சுலபமாகக் கிடைப்பது: அமெரிக்காவுக்குப் போகிற உடுப்பின் லேபலில் 'ஆர்என்' என்று போட்டு ஒரு இலக்கம் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அங்குள்ள வர்த்தக ஆணைக்குழு அந்த நாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவிலக்கம். வாங்குகிறவரின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை, அந்த இலக்கமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எழுதும்போது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்க வேண்டாம். 'இன்ன திகதி காலை, சுமார் நாற்பது பெட்டி இறங்கின. நான் திறந்த பெட்டியில் இருந்த சட்டைகளில் சீனா என்று லேபல் இருந்தது. அதை வெட்டிவிட்டு வேறு லேபல் தைக்கச் சொன்னார்கள், நானும் தைத்தேன்' என்று எழுதினால் அது சாட்சி. 'முதலாளிக்குப் பெரிய ஆட்களின் பலம் இருக்கிறதாம்' என்பது கதை. கதையையும் சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் தனியாக, கேள்விப்பட்டது என்று சொல்லி எழுதுங்கள். வேண்டுமென்றே பொய் சொல்வது இங்கே தண்டனைச் சட்டக்கோவையின் 180 ஆம் பிரிவில் குற்றம், அமெரிக்காவிலும் குற்றம். உண்மையென்று நம்பிச் சொல்கிறவருக்கு இதில் பயமில்லை.

'நானும் தைத்தேன்' என்பதை மறைக்கலாமா என்று உங்கள் மனதில் ஓடும். மறைக்காதீர்கள். சுங்கச் சட்டத்தின் 129 ஆம் பிரிவில் 'தெரிந்தே சம்பந்தப்பட்டவர்' என்ற சொல் அகலமானது. மேற்பார்வையாளர் சொல்லித் தைத்த ஒரு தொழிலாளி, தானாக முன்வந்து முதலில் சொல்வதற்கும், பெட்டி பிடிபட்ட பிறகு மாட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மனம் ஆறவில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் பேசுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசு வாங்க மாட்டார்கள்.

அலுவலகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். திருட்டுப் பழி உங்கள்மேல் விழும், முறைப்பாடு அங்கேயே செத்துப்போகும். உங்கள் வேலைக்காகக் கையில் வந்ததைப் பார்த்து, வீட்டுக்குப் போய்க் கொப்பியில் எழுதுவது போதும்.

பெயர் விஷயத்தில் நன்றாக யோசியுங்கள். அமெரிக்கப் படிவத்தில் பெயரையும் தொலைபேசியையும் வெறுமையாக விடலாம். விட்டால் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் உங்களிடம் திரும்பக் கேட்க வழியில்லை. பெயர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முடிவு என்ன ஆனது என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். வியாபார இரகசியத்தைக் காக்கும் சட்டம் அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது. அங்கும் வெகுமதி உண்டு, அரசாங்கத்துக்குத் திரும்பக் கிடைத்த தொகையில் 25 வீதம் வரை, ஒரு வழக்குக்குக் கூடியது 250,000 டொலர். ஆனால் அதற்குப் பெயரோடு தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும், பணம் உண்மையிலேயே அறவிடப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகையை மனதில் வைத்து இதில் இறங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

பெயரை விடுவதால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. அந்த அறையில் மூன்று பேர்தான் லேபல் தைத்தீர்கள், அதில் இரண்டு பேர் ஒரே லயத்துப் பிள்ளைகள் என்றால், 'தைக்கும் மேசையிலிருந்து பார்த்தேன்' என்று எழுதிய வரியே உங்களைக் காட்டிவிடும். கடிதத்தை ஹட்டன் தபாலகத்தில் போட்டால் உறையில் ஹட்டன் முத்திரை விழும். பதிவுத் தபாலென்றால் அனுப்புகிறவரின் விபரம் கேட்பார்கள். வேலையிடத்து வைஃபையிலோ கம்பியூட்டரிலோ படிவத்தைத் திறக்காதீர்கள். ஊருக்கு வரும்போது லயத்தில் யாரிடமும் பேச வேண்டாம், பெருமைக்குச் சொல்கிற ஒரு சொல் அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சேரும். சுங்க அதிகாரி யாரும் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறார் என்று தெரிந்தால் அது வேறு முறைப்பாடு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். இலக்கம் 1954. 2023 இன் 9 ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம், தகவல் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கிறது. சாட்சிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமும் அதே வருடத்தில் புதிதாக வந்தது.

மொழியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இலங்கைச் சுங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைப்பது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்த உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று ஒருவர் திருப்பி அனுப்பினால், அந்தத் திகதியையும் அவருடைய பதவியையும் எழுதி வையுங்கள். பெயரோடு முறைப்பாடு கொடுத்திருந்தால், சில மாதத்துக்குப் பிறகு 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாளுக்குள் தருகிறார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும் விசாரணையின் உள்விபரத்தைத் தர மாட்டார்கள். ஆகவே 'என் முறைப்பாடு எந்த இலக்கத்தில் பதிவாகியது, எந்தப் பிரிவுக்குப் போனது' என்று மட்டும் கேளுங்கள். பெயர் கொடுக்காதவர் இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

இதே மாதிரி வேறு இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இரண்டு வரி. ஏற்றுமதிக்கென்று தீர்வையில்லாமல் கொண்டுவந்த துணி புறக்கோட்டைக் கடைக்குப் போவதைக் கண்டால் அதுவும் சுங்கத்துக்குச் சொல்ல வேண்டிய விடயம். தேயிலைப் பொதி செய்யும் இடமென்றால், வெளிநாட்டுத் தேயிலையைத் தேயிலைச் சபையின் அனுமதியோடு கொண்டுவந்து கலந்து ஏற்றுமதி செய்வது குற்றமில்லை. ஆனால் கலந்ததன்மேல் சிங்கச் சின்னம் இருக்கக் கூடாது. அந்தச் சின்னம் முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பொதி செய்த பக்கெட்டுக்கு மட்டும் உரியது. அங்கே தேயிலைச் சபைக்கும் சேர்த்து எழுதுங்கள். நம் அம்மாமார் அட்டைக்கடியில் நின்று எடுத்த கொழுந்தின் பெயர் அது.

தங்கச்சி, நீங்கள் இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு கொப்பியில் திகதி வாரியாக, தமிழில், ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள். நிச்சயமில்லாத இலக்கத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். அடுத்த லொறி வரும் நாளில் கன்டேனர் இலக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கப் படிவத்துக்கு ஆங்கிலத்தில் மாற்ற ஆள் இல்லையென்றால் உங்கள் பெயரையும் கொம்பனியின் பெயரையும் விட்டுவிட்டு மற்றதை எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். இலக்கங்களை மட்டும் அனுப்புவதற்கு முன் உங்கள் கொப்பியோடு நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.